கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து டீமின் கோச் ஸ்டாரேயை அனுப்பியாச்சு. 22-ஆம் தேதி ஆட்டம் பார்க்க கொச்சி கலூர் ஸ்டேடியத்துக்கு வண்டி ஏறலாமா, வேண்டாமா?

நீரோடிக்காரன் | 17 டிசம்பர் 2024, காலை 6.40

நேற்று சாயங்காலம் தோப்பும்படியில் படகைக் கட்டினோம். பத்து நாள் கடல். கரை நெருங்கி சிக்னல் கிடைத்ததும் படகில் இருக்கிற எல்லா போனும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பிக்கும். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போயிருக்குமோ என்று அடிவயிற்றில் ஒரு பயம் வரும். நேற்று அப்படிப் பயந்துகொண்டே எடுத்துப் பார்த்தால் மச்சான் அனுப்பியிருக்கிறான்: “உங்க கோச்சைத் தூக்கிட்டானுவ.”

எனக்குப் புரியவே இல்லை. ஜெயித்த டீமின் கோச்சை எதற்குத் தூக்குவார்கள்?

நடந்தது இதுதான். சனிக்கிழமை ராத்திரி ஆயிரங்கால் தூண்டிலை இறக்கிவிட்டுக் காத்துக் கிடந்தோம். எங்களுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு வள்ளவிளைப் படகு போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்கு போன் சிக்னல் இருந்தது, எங்களுக்கு இல்லை. வயர்லெஸ்ஸில் பிளாஸ்டர்ஸ்–மோகன் பகான் ஆட்டத்தின் ஸ்கோர் சொல்லிக்கொண்டே போனார்கள். மெக்லாரன் அடித்து மோகன் பகான் 1-0. சரி, வழக்கம்போல என்று நினைத்தேன். இடைவேளைக்கு அப்புறம் “ஜீசஸ் சமன் பண்ணியாச்சு” என்று சத்தம் வந்தது. எங்கள் படகில் மூத்தவருக்கு ஹெசூஸ் ஹிமெனெஸ் யார் என்று தெரியாது, அவர் சிலுவை போட்டுக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து “டிரின்சிச்! டிரின்சிச்! 2-1!” என்று ஒரே கூச்சல். அதோடு கரகரப்பு. படகு எட்டாத தூரம் போய்விட்டது.

கொல்கத்தா சால்ட் லேக்கிலேயே போய் மோகன் பகானை அடித்துவிட்டோம் என்று எல்லாருக்கும் கட்டன் சாயா போட்டேன், சர்க்கரையை அள்ளிப் போட்டு. ஞாயிறு முழுக்க அந்தச் சந்தோஷத்திலேயே தூண்டில் இழுத்தேன். 86-ஆவது நிமிடம் கம்மிங்ஸ், 95-ஆவது நிமிடம் ஆல்பெர்ட்டோ ரோட்ரிகஸ், ஆட்டம் 3-2 என்று முடிந்தது திங்கள்கிழமை சாயங்காலம்தான் எனக்குத் தெரியும். இந்தியாவிலேயே ரெண்டு நாள் அந்த ஆட்டத்தை பிளாஸ்டர்ஸ் ஜெயித்தது எங்கள் படகில் மட்டும்தான்.

இப்போது ரயிலில் ஊருக்கு வந்துகொண்டே எழுதுகிறேன். ரெண்டு விஷயம் கேட்கணும்.

ஒன்று, இது ஸ்டாரே தப்பா? 12 ஆட்டம், 3 வெற்றி, 2 டிரா, 7 தோல்வி. 11 புள்ளி, 13 டீமில் 10-ஆவது இடம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அவருக்காக வாதாட முடியாது, தெரியும். ஆனால் எங்கள் ஊரில் மீன் படவில்லை என்றால் ஓனர் முதலில் மாற்றுவது டிரைவரைத்தான். தூண்டில் முள் துருப்பிடித்தது, இரை மட்டமானது, ஐஸ் பாதிதான் ஏற்றியது, இதையெல்லாம் யாரும் பேச மாட்டார்கள். இங்கேயும் அதே வாடை அடிக்கிறது. ரெண்டு உதவிக் கோச்சுகளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

ரெண்டு, 22-ஆம் தேதி ஞாயிறு கொச்சியில் முகமதன் ஸ்போர்ட்டிங் ஆட்டம். கடலுக்குப் போகும் முன்பே மச்சானிடம் காசு கொடுத்திருந்தேன், 6 டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறான். அக்கா பையன் முதல்முறையாக வருகிறான், பதினோரு வயது, மஞ்சள் ஜெர்சியைக் கழற்றாமல் தூங்குகிறானாம். இதற்கிடையில் கிளப்பிடமிருந்து இனி டிக்கெட் வாங்குவதில்லை என்று ரசிகர் அமைப்பான மஞ்சப்படை அறிவித்திருக்கிறது. நான் மஞ்சப்படையில் உறுப்பினர் இல்லை. ஆனால் கேலரியில் அவர்கள் பக்கத்தில் நின்று கத்திப் பழகியவன். போனால் துரோகமா?

நாகர்கோவில் நீலம் | 17 டிசம்பர், காலை 7.15

மக்கா, பத்து நாள் இல்லை, பத்து மாதம் கடலில் இருந்துவிட்டு வந்தாலும் கப் இருக்காது. அவசரப்படாமல் வாருங்கள்.

நாங்கள், சென்னையின் எஃப்.சி., 2015, 2018 என்று ரெண்டு தடவை ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கப்பை எடுத்துவிட்டோம். நீங்கள் 2014, 2016, 2022 என்று மூன்று ஃபைனல் போய் மூன்றும் கோவிந்தா. நவம்பர் 24 அன்று கலூரில் எங்களை 3-0 அடித்தது உண்மை, மறைக்கவில்லை. இந்த 12 ஆட்டத்தில் நீங்கள் கோல் வாங்காத ஒரே ஆட்டம் அதுதான். சென்னையின் எஃப்.சி. போட்ட பிச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நம்ம மாவட்டத்தில் இருந்துகொண்டு கொச்சி டீமுக்குக் கத்துகிறவர்களை முதலில் ஆதார் அட்டை கேட்கணும்.

சின்னத்துறை கீப்பர் | 17 டிசம்பர், காலை 9.02

நீலத்தை விடுங்கள், கிறிஸ்துமஸ் வரைக்கும் இப்படித்தான் பேசும்.

நீரோடித் தம்பி, உன் டிரைவர் கதை கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாதிதான் சரி. நான் பதினாலு வருடம் மணலில் கோல் நின்றவன். ஏழு பேர் ஆடும் செவன்ஸும் ஆடியிருக்கிறேன், பள்ளிப் பெருநாள் டோர்னமென்ட்டும் ஆடியிருக்கிறேன். முட்டி போனதால் இப்போது பார்ப்பதோடு சரி. அதனால் எனக்கு எந்த ஆட்டத்திலும் கண் கீப்பர் மேல்தான் போகும்.

12 ஆட்டத்தில் 24 கோல் வாங்கியிருக்கிறோம். வகுத்துப் பார்த்தால் ஆட்டத்துக்கு ரெண்டு. அடித்தது 19. அதாவது முன்னால் இருக்கிறவர்கள் வேலையைச் செய்திருக்கிறார்கள். நோவா, ஹிமெனெஸ், லூனா மூன்று பேரும் காலில் பந்து வந்தால் ஏதாவது பண்ணுவார்கள். ஓட்டை பின்னால்.

அக்டோபர் 25 பெங்களூரு ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? கோலில் சோம் குமார், பத்தொன்பது வயதுப் பையன். பந்து கையை விட்டு நழுவியது. நவம்பர் 28 கோவா ஆட்டத்தில் போரிஸ் சிங் அடித்தது சச்சின் சுரேஷைத் தாண்டி உள்ளே போயிற்று, அந்த ஒரு கோலில் ஆட்டமே போச்சு. இப்போது மோகன் பகான் ஆட்டத்தில் முதல் கோல், சச்சின் கையில் நிற்காத பந்து, மெக்லாரன் காத்திருந்து தட்டிவிட்டுப் போகிறான்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கீப்பரைத் திட்ட மனசு வரவில்லை. கோல் நின்றவனுக்குத்தான் தெரியும். ஒரு பந்து கையை விட்டுப் போனால், அடுத்த பந்து வரும்போது விரல் தானாக இறுகும். பந்தைப் பிடிக்க விரல் தளர்வாக இருக்கணும், முட்டை பிடிக்கிற மாதிரி. இறுகின கையில் பந்து பலகையில் பட்ட மாதிரி தெறிக்கும். தெறித்த பந்து எப்போதும் எதிராளி காலுக்குத்தான் போகும், அது என்ன விதியோ. எங்கள் கடற்கரையில் சாயங்கால ஈரக்காற்றில் பந்து வழுக்கும், ஒரு தடவை இப்படி விட்டுவிட்டு அதற்கப்புறம் மூன்று ஆட்டத்துக்கு நான் பந்தைப் பிடிக்கவே இல்லை, எல்லாவற்றையும் குத்தித்தான் தள்ளினேன். பிடிக்கப் பயம். என்னுடைய ஆசான் ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் என்னைக் கோல் பக்கமே விடாமல் பேக்கில், தடுப்பாட்டக்காரனாக, நிறுத்தினார். அப்புறம்தான் கை தளர்ந்தது.

கோச் என்றால் அந்த வேலையைச் செய்யணும். ஸ்டாரே எல்லாரையும் மேலே ஏறி அழுத்தச் சொன்னார், பேக்குகள் பாதி மைதானம் தாண்டி நிற்கிறார்கள், பந்து பறிபோனால் பின்னால் கீப்பரும் வெறும் புல்லும்தான். ஏற்கெனவே கை நடுங்குகிற பையன் முன்னால் நாற்பது கஜம் திறந்து போட்டால் என்ன ஆகும்? 2-1 என்று முன்னால் இருக்கும்போது 86-ஆவது நிமிடத்தில் சமன், 95-இல் தோல்வி. அந்தப் பத்து நிமிடம் பந்தைப் பூட்டி வைக்கத் தெரியாதது ஓனர் தப்பு இல்லை. கடலைப் பார்த்து வலை இறக்கத் தெரியாத டிரைவரையும் நீ பார்த்திருப்பாயே.

ஓனர் பக்கமும் தப்பு உண்டு, அதையும் சொல்கிறேன். 2021-22 சீசனில் சிறந்த கீப்பருக்கான கோல்டன் கிளவ் வாங்கிய பிரப்சுகன் கில் 2023-இல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனான். அந்த இடத்தில் அவன் தரத்துக்கு இன்றுவரை ஆள் வைக்கவில்லை.

ஒரே ஒரு சந்தோஷம். இடைக்காலமாகப் பார்த்துக்கொள்ளப் போகிற ரெண்டு பேரில் டி.ஜி. புருஷோத்தமன் பழைய கோல்கீப்பர். கீப்பர் மனசு அவருக்குத் தெரியும். நீ ஞாயிற்றுக்கிழமை போ. போய் சச்சின் வார்ம்-அப்பில் பந்தைப் பிடிக்கிறானா குத்துகிறானா என்று பார்த்து எனக்குச் சொல்.

பாறசாலை பழசு | 17 டிசம்பர், மதியம் 1.30

போகாதே என்பதுதான் என் கட்சி.

நான் 2014-லிருந்து பார்க்கிறேன். டெண்டுல்கர் பங்குதாரராக இருந்த காலம், ஃபைனலில் முகமது ரஃபீக் கடைசி நேரத்தில் தலையால் முட்டி நம்மை அழவைத்த காலம். அதிலிருந்து பாதி சீசனில் போன கோச்சுகளை மட்டும் சொல்கிறேன். 2015-இல் பீட்டர் டெய்லர். 2018 ஜனவரியில் ரெனே மியூலென்ஸ்டீன். அதே 2018 டிசம்பரில் டேவிட் ஜேம்ஸ், ரெண்டாவது தடவை வந்தவர். 2021 பிப்ரவரியில் கிபு விகூனா, ஹைதராபாத்திடம் 4-0 வாங்கின கையோடு. இப்போது 2024 டிசம்பரில் ஸ்டாரே. பத்து வருடத்தில் ஐந்து பேர் இப்படி. இங்கிலாந்துக்காரன், டச்சுக்காரன், ஸ்பானியன், ஸ்வீடன்காரன். அத்தனை பேரும் முட்டாள்களா? ஸ்டாரே 2009-இல் ஏ.ஐ.கே. டீமை வைத்து ஸ்வீடனில் லீக்கும் கோப்பையும் ஒரே வருடத்தில் எடுத்தவர். அவருக்குப் பந்து தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன்.

நடுவில் ஒருத்தர் மட்டும் மூன்று சீசன் நின்றார். இவான் வுகோமனோவிச். மூன்று சீசனும் பிளே-ஆஃப். நம் ஆட்கள் அவரை ஆசான் என்று கூப்பிட்டார்கள். இந்தப் பக்கம் அடிமுறையும் வர்மமும் படித்தவர்களுக்கு அந்த வார்த்தையின் கனம் தெரியும், சும்மா வருகிறவனை எல்லாம் ஆசான் என்று சொல்ல மாட்டோம். 2023 மார்ச் 3, பெங்களூரில் சேத்ரி அடித்த அந்த ஃப்ரீ கிக்குக்கு அவர் டீமையே வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். கிளப்புக்கு 4 கோடி அபராதம், அவருக்கு 10 ஆட்டம் தடை. தப்பா சரியா, நான் இன்னும் என் மனைவியோடு சண்டை போடுகிறேன். ஆனால் டீம் அவர் பின்னால் போனது. ஸ்டாரே பின்னால் யாராவது போயிருப்பார்களா?

அந்த ஆசானையும் இந்த ஏப்ரலில் அனுப்பினார்கள். கூடவே 13 கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கிய டயமண்டகோஸ் ஈஸ்ட் பெங்கால். ஜீக்சன் சிங் ஈஸ்ட் பெங்கால். அதற்கு முந்தின வருடம் சஹல் மோகன் பகான். கொல்கத்தாவுக்கு ஆள் சப்ளை செய்கிற ஏஜென்சி மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவையும் கொடுத்துவிட்டு, டிசம்பரில் ஸ்வீடன்காரன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால் எல்லாம் சரியாகிவிடுமா?

காலி நாற்காலி ஒன்றுதான் அவர்களுக்குக் கேட்கிற மொழி. டிக்கெட் போனால் போகட்டும். பையனுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடு.

கொல்லங்கோடு டீச்சர் | 17 டிசம்பர், இரவு 8.50

பழசு அண்ணன் சொல்கிற எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன், கடைசி வரியைத் தவிர.

காலி நாற்காலி யாருக்குக் கேட்கும்? காசு ஏற்கெனவே கிளப்பிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. நீரோடித் தம்பி வீட்டில் உட்கார்ந்தால் நஷ்டம் தம்பிக்கும் அந்தப் பையனுக்கும்தான். மஞ்சப்படை சொன்னது இனி வாங்க மாட்டோம் என்று. வாங்கினதைக் கிழித்துப் போடு என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே போய்த்தான் அவர்களும் எதிர்ப்பைக் காட்டப் போகிறார்கள்.

என் மகள் எட்டாம் வகுப்பு, பள்ளி டீமில் இடது விங். செப்டம்பர் 15 பஞ்சாப் ஆட்டத்துக்கு, அதுதான் சீசனின் முதல் ஆட்டம், ஓணத்தன்று, அவளைக் கூட்டிப் போனேன். லூனா டெங்கு வந்து ஆடவில்லை. 2-1 தோற்றோம். திரும்பி வரும் வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. பாலராமபுரம் தாண்டினதும் கேட்டாள், “அம்மா, நோவா ஏன் ரெண்டு பேர் நிற்கிற பக்கமே போறார், யாருமில்லாத பக்கம் போகலாமே?” தொலைக்காட்சியில் பார்த்தால் இந்தக் கேள்வி வராது. பந்து இருக்கிற இடத்தை மட்டும்தான் காட்டுவான். மைதானத்தில்தான் பந்து இல்லாத இடம் தெரியும். அதற்கு அப்புறம் அவள் ஆட்டமே மாறிவிட்டது, விங்கில் கோட்டை ஒட்டி நின்று காத்திருக்கிறாள்.

ஸ்டாரே பற்றி ஒரு வார்த்தை. டூரண்ட் கோப்பையில் மும்பையை 8-0 அடித்ததும் நாம்தான் தலையில் தூக்கி வைத்து ஆடினோம். மும்பை அனுப்பியது ரிசர்வ் பையன்களை. அந்த எட்டு கோலை உண்மை என்று நம்பியது கோச்சும் ரசிகர்களும் சேர்ந்துதான்.

தம்பி, பையனைக் கூட்டிக்கொண்டு போ. குழித்துறையில் பரசுராம் ஏறினால் நேரே எர்ணாகுளம் நார்த். பக்கத்திலேயே டவுன் ஹால் மெட்ரோ, அங்கிருந்து ஸ்டேடியம் ரெண்டாவது ஸ்டேஷன். திரும்பும்போது மெட்ரோ வாசலில் நெரிசல், பையன் கையை விடாதே. பையில் பிஸ்கட், ஒரு கம்பளி வைத்துக்கொள், டிசம்பர் ராத்திரி ரயில் ஜன்னல் சும்மா விடாது.

நாகர்கோவில் நீலம் | 17 டிசம்பர், இரவு 9.05

டீச்சர் மகளை எங்கள் டீமுக்கு அனுப்பிவிடுங்கள்.

நீரோடிக்காரன் | 18 டிசம்பர், காலை 10.20

எல்லாருக்கும் நன்றி. வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கி எழுந்து, குடிலுக்குப் புல் வெட்டிக் கொடுத்துவிட்டு எழுதுகிறேன்.

கீப்பர் அண்ணா, நீங்கள் சொன்னபடி மோகன் பகான் ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை போனில் ரெண்டு தடவை பார்த்தேன். முடிவு தெரிந்த பிறகும் 86-ஆவது நிமிடத்தில் “தட்டி வெளியே விடுலே” என்று கத்திவிட்டேன், அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தார்கள். சரி, டிரைவருக்கும் பங்கு உண்டு, ஒத்துக்கொண்டேன். ஆனால் என் கணக்கில் ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. எங்கள் படகில் மீன் இல்லை என்றால் டீசல் காசு, ஐஸ் காசு, இரைக் காசு எல்லாம் ஓனர் தலையில் விழும். எங்களுக்குப் பங்கு வராது, அவருக்குக் கடன் ஏறும். ஒரே கப்பலில் மூழ்குகிறோம். இங்கே 10-ஆவது இடத்துக்கு டீம் போனதில் ஓனருக்கு என்ன போயிற்று? கோச் போனார், ரெண்டு உதவி கோச் போனார்கள், நாங்கள் தூக்கம் இல்லாமல் போனோம். டயமண்டகோஸை விட்டது யார், கில்லுக்கு மாற்று எடுக்காதது யார் என்று ஒருத்தரும் வந்து சொல்லவில்லையே. அறிக்கையில் நன்றி மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

நீலத்துக்கு ஆதார் பதில். 1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம ஊரும் உங்க ஊரும் திருவிதாங்கூர்–கொச்சி. கோடு போட்டவன் நீரோடியோடு நிறுத்திவிட்டான், அந்தப் பக்கம் பொழியூர். எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து கேரளாவில் அடிக்கிற மணி கேட்கும். பொழியூர்ப் பையன்கள் கேரளாவுக்குச் சந்தோஷ் டிராபி ஆடுகிறார்கள். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. என்று போய் ஆடினார். எல்லாம் ஒரே மணல்தான். நான் மாதத்தில் பாதி நாள் மீன் இறக்குவது கொச்சித் துறைமுகத்தில். 2016 ஃபைனலுக்கு மீன் நாற்றத்தோடு தோப்பும்படியிலிருந்து நேரே கலூருக்குப் போனவன். பெனால்டியில் தோற்று வெளியே வரும்போது முன்பின் தெரியாத ஒரு மலப்புறத்துக்காரர் என் தோளில் சாய்ந்து அழுதார், நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் எனக்கு எந்த டீம் என்ற கேள்வி இல்லை. சென்னை எனக்கு எழுநூறு கிலோமீட்டர்.

பழசு அண்ணா, மன்னிக்கணும். போகிறோம். டீச்சரக்கா சொன்னதுதான் சரியாகப் பட்டது. ஆனால் பாதி உங்கள் பேச்சையும் கேட்கிறேன்: இந்த ஆறுதான், சீசன் முடிகிறவரை இனி ஒரு டிக்கெட் என் காசில் இல்லை.

பாறசாலை பழசு | 18 டிசம்பர், காலை 11.00

போய்த் தொலை. தோற்றால் என்னைக் கூப்பிடாதே.

நீரோடிக்காரன் | 23 டிசம்பர், மாலை 4.10

தோற்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

3-0. முகமதன் கடைசி இடத்து டீம், அதை யாரும் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டாம், தெரியும். முதல் பாதி ஒன்றுமில்லை. கேலரியில் காலி இடம் நிறைய, பந்தைப் பற்றிய சத்தத்தைவிட நிர்வாகத்துக்கு எதிரான கோஷம்தான் அதிகம். அக்கா பையன் அதையும் சேர்ந்து கத்தினான், என்ன என்று தெரியாமலே. பக்கத்தில் இருந்த சேட்டன் அவனுக்குக் கோஷத்தை வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் போய் அதைச் சொல்லக் கூடாது என்று ரயிலில் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

62-ஆவது நிமிடம் கார்னர். லூனா அடித்தார். கீப்பர் அண்ணா, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். முகமதன் கீப்பர் பாஸ்கர் ராய் குத்தித் தள்ளப் போனார், பந்து அவர் கையில் பட்டுப் பின்பக்கமாக அவருடைய கோலுக்குள்ளேயே போய் விழுந்தது. எல்லாரும் குதிக்கிறார்கள், எனக்கு உங்கள் மூன்று ஆட்டக் கதைதான் ஞாபகம் வந்தது. ஒரு நொடி அவருக்காக வருத்தப்பட்டேன். ஒரு நொடிதான். அப்புறம் 80-இல் நோவா, கடைசியில் கோஃப். இந்த சீசனில் ரெண்டாவது தடவை கோல் வாங்காமல் முடித்தோம்.

வார்ம்-அப்பில் சச்சினைப் பார்த்தேன். முதல் நாலைந்து பந்தைக் குத்தினான். அப்புறம் பிடித்தான். எண்ணிப் பார்த்தேன், தொடர்ந்து ஏழு.

திரும்பும்போது பையன் எர்ணாகுளம் ஸ்டேஷன் பெஞ்சிலேயே தூங்கிவிட்டான். ஸ்டாரே இப்போது எங்கே இருப்பார் என்று கேட்டுக்கொண்டே தூங்கினான். ஸ்வீடன் போயிருப்பார், அங்கே பனி பெய்யும், கிறிஸ்துமஸ் கொண்டாடுவார் என்றேன். “அவருக்கு நாம ஜெயிச்சது தெரியுமா?” என்றான். தெரிந்திருக்கும் என்றேன்.

சின்னத்துறை கீப்பர் | 23 டிசம்பர், மாலை 4.40

தொடர்ந்து ஏழு. போதும், எனக்கு அது போதும்.

பாறசாலை பழசு | 23 டிசம்பர், மாலை 5.25

கடைசி இடத்து டீமை அடித்துவிட்டுப் பேச்சைப் பார். டயமண்டகோஸ் எங்கே என்று யாராவது கேட்டார்களா?

சரி, பையனுக்குப் பிடித்திருந்ததா?

நீரோடிக்காரன் | 23 டிசம்பர், இரவு 7.00

ஜெர்சியை இன்னும் கழற்றவில்லை அண்ணா. அக்கா என்னைத்தான் திட்டுகிறாள்.

புது வருடம் கழித்து 2-ஆம் தேதி மறுபடி கடல். 5-ஆம் தேதி டெல்லியில் பஞ்சாபோடு ஆட்டம். இதைப் படிக்கிற வள்ளவிளைப் படகுக்காரர்கள் யாராவது இருந்தால் ஒரே ஒரு விண்ணப்பம்: இந்தத் தடவை கடைசி விசில் அடிக்கிற வரைக்கும் எட்டுகிற தூரத்திலேயே நின்று சொல்லிவிட்டு அப்புறம் போங்கள்.